மாதா கோயில் வரிசை

இடது எது, வலது எது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். யாருடைய இடது என்பதில்தான் சிக்கல்.

சில ஆண்டுகளுக்கு முன், பதுளையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகளில் உள்ள புரதங்கள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் எப்படி வேறுபடுகின்றன என்று பார்ப்பது வேலை. (எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் என்னை டாக்டர் என்றார்கள். நானும் மறுக்கவில்லை.) வெட்டியெடுக்கும் கட்டியை ஆய்வுக்குத் தரச் சம்மதம் என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கப் போனபோது, கொஸ்லந்தவில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா கேட்டார்.

"பீடி குடிக்கிற எங்க வீட்டுக்காரரு நல்லாத்தான் இருக்காரு. நான் தொட்டதுகூட இல்ல. எனக்கு ஏம்மா வந்துச்சு?"

"அதைத்தான் பார்க்கப் போறோங்க்கா" என்றேன். வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கட்டிகளிலிருந்து எடுத்த புரதக் கரைசல் பன்னிரண்டு குழாய்களில் இருந்தது. ஆறு பெண்கள், ஆறு ஆண்கள். லேபிள் தீர்ந்துவிட்டது. மாடியேறிப் போய் எடுத்துவரச் சோம்பல். உடன் வேலை பார்த்த அந்தோணியிடம் சொன்னேன்.

"கோயில்ல உக்கார்ற மாதிரி அடுக்கியிருக்கேன். மெஷின்ல போட்ருங்க."

"சரிங்க, புரிஞ்சிருச்சு."

அவரும் தோட்டத்து மாதா கோயிலில் வளர்ந்தவர். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். எங்கள் ஆட்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டுமா என்ன? நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

முடிவு வந்தது. இதுவரை மற்றவர்கள் கண்டதற்கு நேர் எதிர்! தரையில் கால் பாவாமல் அப்பாவுக்குப் போன் செய்தேன். ஞாயிறு பூசையில் அறிவிப்பு வாசிப்பவர் அவர். "யாரும் காணாததை நம்ம புள்ள கண்டுபிடிச்சிருக்கு" என்று மைக்கில் சொல்ல, கோயிலே கைதட்டியது.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஆம்பளைங்ககிட்ட மட்டும் இருக்குற ஒரு புரதம் உங்க ஆறு பொம்பளைங்ககிட்டயும் இருக்கு. ஆம்பளைங்க ஒருத்தர்கிட்டயும் இல்ல. எப்படி?"

அந்தோணி என்னைப் பார்த்தார். "பொம்பளைங்க இடது பக்கந்தானே?"

"இல்லீங்க, வலது பக்கம்!"

நான் எட்டு வயதிலிருந்து பாடகர் குழு. பீடத்தருகே நின்று சனங்களைப் பார்த்துப் பாடுவேன். எனக்குப் பெண்கள் எப்போதும் வலப்பக்கம். அவர் வாசலோரக் கடைசி பெஞ்சில் பீடத்தைப் பார்த்து உட்கார்பவர்; அவருக்கு இடப்பக்கம். இருவர் சொன்னதும் சரி, முடிவில் ஆண்களும் பெண்களும்தான் இடம் மாறிவிட்டார்கள்.

"அப்படியே மாத்தி எழுதிரலாமா மேடம்?" என்றேன். (அந்த வயதில் புத்தி அவ்வளவுதான்.)

"ஊகத்துல எழுத முடியாது. கரைசல் மிச்சம் இருக்கா?"

"ஒரு தடவைக்கு வரும்."

இதுவும் கெட்டால் வேறு கிடையாது. வெட்டியெடுத்த கட்டியை இன்னொரு முறை தாருங்கள் என்று அந்த அக்காவிடம் எப்படிக் கேட்பது? வெட்கத்தில் அழுதுகொண்டே, தாங்கியில் நான் அடுக்கியபடியே இருந்த பன்னிரண்டு குழாய்க்கும் லேபிள் ஒட்டினேன். இந்த முறை அதிசயம் எதுவும் வரவில்லை. சின்ன வேறுபாடுதான், ஆனால் நிஜமானது. அக்காவிடம் போய், "முழுசாத் தெரியலக்கா, கொஞ்சம் தெரிஞ்சிருக்கு" என்றேன். "பொய் சொல்லாம சொன்னியே, அது போதும்" என்றார்.

பிறகு அந்தோணியையே கட்டிக்கொண்டேன். கல்யாணத்தன்று சுவாமியார், "பொண்ணு இடது பக்கம் நில்லுங்க" என்றார். இருவரும் ஒரே பக்கம் நகர்ந்து முட்டிக்கொண்டோம். லேபிள் கதை முழுதும் தெரிந்த அப்பாவின் குரல் மைக்கில் கேட்டது.

"கொஞ்சம் பொறுங்க சாமி, ரெண்டு பேருக்கும் லேபிள் ஒட்டிர்றோம்."

இன்றும் எங்கள் தோட்டத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், பூசை தொடங்கும் முன் யாராவது ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "லேபிள் ஒட்டியாச்சா?" என்று கேட்கிறார்.