கறுப்பையாவின் வண்டிச் சக்கரம்

இந்தக் கதை நான் கண்ணால் பார்த்ததல்ல. என் மனைவி யோகராணி சொன்னது. அவளுக்கு அவள் அம்மா சொன்னாராம். மலையில் தேயிலை வருமுன் இருந்த காப்பிக் காலத்தில் நடந்ததால் பார்த்தவர் யாரும் இப்போது இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். ஆதாரமில்லாமல் எதையும் சொல்லப் பயம். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. திகனயில் டியூஷன் கொடுத்துவிட்டுக் குண்டசாலை வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தேன். டியூஷன் நடந்தது உண்மை. திகனக்கு அப்பால், மலைப்பாதை வளைவுகளில், மோட்டார் சைக்கிளின் மேல் நடந்தது. படித்தவன் நான். கற்பித்தவன் நண்பன் றிஸ்வி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை. வளைவு முடியும் இடத்தைப் பார். உடம்பை உள்பக்கம் சாய். நடுவில் பிரேக்கைத் தொடாதே. பட்டப் படிப்பைக்கூட நான் இவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.

போன வருடம் ஒரு வளைவில் விழுந்து முழங்கையை உரித்துக்கொண்டு வந்தபோது, யோகராணி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். இனி வளைவுப் பக்கம் போனால் மோட்டார் சைக்கிள் நாவலப்பிட்டியில் இருக்கும் அவள் தம்பிக்கு. பஸ் எனக்கு. காலையில் கண்டி பஸ்ஸில் ஏறியவர்களுக்கு அந்தத் தண்டனையின் கனம் தெரியும். ஒரு காலில்தான் நிற்க முடியும். மற்றக் கால் அடுத்தவர் காலின் மேல் இருக்கும்.

பருப்பை ஊற்றிக்கொண்டே அவள் கதையைத் தொடங்கினாள்.

அவளுடைய பூட்டனுக்கும் மூத்தவர் கறுப்பையா. தோட்டத்துக் காப்பி மூட்டைகளை மாட்டுவண்டியில் கண்டிக்கு இறக்குவார். மாடு இரண்டும் மனைவி வேலாயி கொண்டுவந்த சீதனம். மலைப்பாதை வளைவுகளில் வண்டிக்காரர்கள் பந்தயம் விடுவார்களாம். ஒரு தடவை கறுப்பையா வண்டியோடு கவிழ்ந்தார். வேலாயி தீர்ப்புச் சொன்னாள்: இன்னொரு பந்தயம் விட்டால் மாடு அண்ணன் வீட்டுக்கு, மூட்டை உன் முதுகுக்கு. அன்றிலிருந்து ஆற்றோரத்து நேர்பாதையில்தான் போகிறேன் என்று சொல்லிவந்தார் மனிதர்.

“நல்ல மனுஷன்,” என்றேன்.

“முழுசாக் கேளுங்க. நேரா ஓடுற சக்கரத்துல இரும்புப் பட்டை நடுவுலதான் தேயும். அவரு சக்கரத்துல நடுவு அப்படியே இருந்திச்சாம். ஓரம் மட்டும் தேஞ்சு பளபளன்னு மின்னிச்சாம்.”

தண்ணீர் குடித்துவிட்டு, “அப்புறம்?” என்றேன்.

“சாணியப் பூசி மறைச்சாரு. வேலாயி கேட்டாளாம், ‘வழியெல்லாம் மிதிச்ச சாணி ஓரத்துல மட்டும் எப்படி ஒட்டுச்சு?’ன்னு. மறுநாளே மாடு போயிருச்சு.”

“பைக் டயரும் அப்படித்தான் தேயுமா?” என்று பொதுஅறிவுக்காகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்கதானே படிச்சவரு.”

அவள் பக்கத்து வீட்டுக்குப் போனதும் ஓடிப்போய்ப் பின் டயரைப் பார்த்தேன். நடுவில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருக்கும் பூ அழியவில்லை. புது டயரின் ஓரத்தில் முடிமுடியாக நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர், அதில் ஒன்றுகூட மிச்சமில்லை. கல்யாண மாப்பிள்ளையின் தாடைபோல மழமழவென்று இருந்தது.

கறுப்பையா படிக்காதவர். சாணி பூசி மாட்டிக்கொண்டார். நான் பட்டதாரி. மறுநாள் டயரையே மாற்றிவிட்டேன்.

மாலையில் யோகராணி வாசலுக்கு வந்தாள். குனிந்து, புது டயரின் ரப்பர் முடிகளைப் பூனைக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவினாள்.

“அழகா இருக்குங்க. பழசுல நடுவு தேயவே இல்லையே, எதுக்கு மாத்துனீங்க?”

நான் குனிந்து டயரின் காற்றை அமுக்கிப் பார்த்தேன்.

“சரி விடுங்க,” என்றாள். “நாளைக்குத் தம்பி வந்து எடுத்துக்கிட்டுப் போவான். புது டயரு வேற. சந்தோஷப்படுவான்.”

அடுத்த ஞாயிறு நாவலப்பிட்டிக்குப் போனேன், பஸ்ஸில். மாமியார் தேத்தண்ணீர் கொடுத்தார். எதையும் சரிபார்க்கும் பழக்கம் என்னை விடவில்லை. உங்கள் முன்னோர் கறுப்பையா எந்தத் தோட்டத்தில் வண்டி ஓட்டினார் என்று கேட்டேன்.

மாமியார் விரல்விட்டுத் தலைமுறைகளை எண்ணிப் பார்த்தார். அவர்கள் பரம்பரையில் கறுப்பையா என்று யாருமே இல்லையாம்.