ஏசிக்குக் குடை பிடித்தவர்

திருகோணமலையிலேயே மனிதர்களை அடுப்பாகப் பார்த்த ஒரே ஆள் எங்கள் சூட்டுக்கணக்கர்தான். துறைமுகப் பக்கம் நான் வேலை செய்யும் கட்டட அலுவலகத்தில், எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு ஏசி வேண்டும் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. சுவர், யன்னல், வெயில் எல்லாம் அவருக்கு அடுத்த கதை. "மனுசர்தான் தம்பி பெரிய சூடு. அதிலயும் கதைக்கிற மனுசர்!" என்பார். கூட்டத்தில் மனேச்சர் குரலை உயர்த்தினால், இவர் பேசாமல் எழும்பிப் போய் ஏசியைக் கூட்டிவிட்டு வருவார்.

அப்படிப்பட்டவரை நம்பித்தான் போன வருசம் என் தங்கச்சியின் கலியாணத்தை வைத்தோம். வேறு வழியில்லை. அப்பாவுக்கு இதயத்தில் ஒபரேசன் முடிந்து கொஞ்ச நாள்தான். மண்டபம் குளிராக இருந்தால் போகலாம், வேர்க்கத் தொடங்கினால் உடனே வீட்டுக்கு என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவோ மகளைத் தன் கையால்தான் தாரை வார்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

சூட்டுக்கணக்கர் மண்டபத்தை மூலைமுடுக்கெல்லாம் அளந்தார். ஐயரையும் விடவில்லை.

"ஐயா, ஓமத்துக்கு எவ்வளவு நெய் விடுவீங்கள்?"

"அது மந்திரத்தைப் பொறுத்தது."

"மந்திரத்தைக் குறைக்கச் சொல்லேல்லை. கரண்டியைச் சின்னனாக்குங்கோ."

கணக்கு சரியாகத்தான் இருந்தது, குச்சவெளிச் சொந்தக்காரர் சொந்தத்தின் சொந்தத்தையும் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கும்வரை. மண்டபம் பிதுங்கியது. ஐயர் பழைய கரண்டியையே எடுத்தார். அப்பாவின் நெற்றியில் வேர்வை அரும்பியது, முகம் வெளிறியது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தா.

"தம்பி, அப்பாவை வீட்ட கூட்டிக்கொண்டு போ."

அப்பா மாட்டேன் என்று தலையாட்டினார்.

அப்போதுதான் சூட்டுக்கணக்கர் மைக்கைப் பறித்தார். "முதல் பந்தி ரெடி! வெளியில பந்தலில இலை போட்டாச்சு, எழும்புங்கோ!"

ஐயோ, தாலியே கட்டவில்லை! இலையும் போடவில்லை, சமையல்காரர் அப்போதுதான் பருப்பை இறக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா துள்ளி எழும்பினார்.

"என்ன விசர்க் கதை இது? தாலி கட்ட முதல் சாப்பாடோ?"

"கோவிச்சா இன்னும் சூடு ஐயா. நீங்களும் போய்ச் சாப்பிடுங்கோ."

சித்தப்பா போகவில்லை. ஆனால் குச்சவெளி முழுக்க எழும்பிப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக மண்டபம் குளிர்ந்தது. அப்பா மூச்சை இழுத்துவிட்டு, தன் கையாலேயே தங்கச்சியைத் தாரை வார்த்தார். தாலி ஏறியது. நான் வெட்கத்தை விட்டு அழுதேன்.

படம் எடுக்கத் தேடினால் சூட்டுக்கணக்கரைக் காணோம். மண்டபத்தின் பின்புறம், கொளுத்தும் வெயிலில், ஏசியின் வெளிப்பெட்டிக்குக் கறுப்புக் குடை பிடித்தபடி, வேர்வையில் தொப்பலாக நனைந்து நின்றார்.

"அண்ணை, உள்ள வாங்கோ. அப்பா உங்களைத்தான் கேக்கிறார்."

"ஏலாது தம்பி, இந்தப் பெட்டியில வெயில் பட்டா உள்ள குளிராது. நான் வந்தா ஒரு ஆள் கூடிப்போடும்."

வெயில் தாழ்ந்ததும் அப்பாவே எல்லாரையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்தார். எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் கலியாணப் படத்தில் பொம்பிளை மாப்பிள்ளைக்குப் பின்னால் ஏசிப் பெட்டிதான் தெரியும். பக்கத்தில் சூட்டுக்கணக்கர் விறைத்துப்போய் நிற்கிறார். வெயில் இல்லாத அந்த நேரத்திலும் அவர் கையில் குடை விரிந்திருக்கிறது, அப்பாவின் தலைக்கு மேலே.