உடம்புக்குள் ஏழு செக்போஸ்ட்

1994ஆம் ஆண்டு மாசி மாதத்தில், கேரள எல்லையோரத்துச் செங்கல் என்ற ஊர் வட்டாரத்தில் யாருக்கும் தலைவலி வரவில்லை. ஆக்ஞா சக்கரம்தான் அடைத்துக்கொண்டது. வயிற்றுவலி ஒழிந்தது, மணிபூரகம் பிசகியது. பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டால்கூட மூலாதாரத்தில் கோளாறு. நோய்களுக்கெல்லாம் இப்படிப் புதுப்பெயர் சூட்டிய புண்ணியவான், சக்ரயோகி பரமசிவன்.

யோகி எங்கிருந்து வந்தார்? இமயமலையிலிருந்து என்றார். அவர் தோளில் தொங்கிய பையில் கோயம்புத்தூர் ஜவுளிக்கடையின் பெயர் இருந்தது. இமயமலைக்குப் போகிறவர் வழியில் துணி எடுக்கக் கூடாதா என்ன?

ஆனால் ஆள் பேச்சில் கெட்டிக்காரர். "அமரவிளையில செக்போஸ்ட் உண்டும்லா? லாரி வரிசையா நிக்குமில்லா? அது மாதிரி நம்ம உடம்புக்குள்ள ஏழு செக்போஸ்ட் உண்டு மக்கா. அடியில மூலாதாரத்துல கிளம்புத சக்தி உச்சந்தலை வரைக்கும் போவணும். எங்க நிக்குதோ, அங்க தீனம்!" என்பார்.

நின்ற லாரிகளைப் பார்த்தே வளர்ந்த சனத்துக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? கடற்கரைக் கத்தோலிக்கர் வந்தால் ஏழு சக்கரமும் ஏழு திருவருட்சாதனம் ஆகும். சபைக்காரர் வந்தால் பைபிளில் வரும் ஏழு குத்துவிளக்கு ஆகும். மலையோரத்து அம்பூரிக்காரர்கள் ரப்பர் ஷீட்டைச் சுமந்து வந்தார்கள், கடற்கரைக்காரர்கள் நெய்மீன் கொண்டுவந்தார்கள். யோகி சுத்த சைவம். நெய்மீன் எங்கே போயிற்று என்று எந்தச் சக்கரமும் சொல்லவில்லை.

வைத்தியம் இதுதான். நூலில் தொங்கும் ஒரு பித்தளைக் குண்டை உடம்புக்கு மேலே பிடிப்பார். குண்டு சுற்றினால் சக்கரம் திறந்திருக்கிறது, நின்றால் அடைப்பு. பெண்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். மறைப்புக்குப் பின்னால் பெண்களே நோயாளியைக் கிடத்தி, தலை முதல் கால் வரை வெள்ளைத் துணியால் மூடிவிட வேண்டும். அப்புறம்தான் யோகி உள்ளே வருவார். என்ன ஒழுக்கம் என்று ஊரே உருகியது.

உருகியவர்களில் ஒருவர் கனகதாஸ் கொத்தனார். அவர் மகள் ஜிஜாவுக்குக் கழுத்தில் எலுமிச்சங்காய் அளவு கட்டி. திருவனந்தபுரத்து டாக்டர், தாமதிக்கக் கூடாது என்று செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார். யோகி குண்டைப் பிடித்தார். "விசுத்தி சக்கரமாக்கும். கத்தி வச்சா சக்கரம் அறுந்து போவும். பிறகு பிள்ளை ஜென்மத்துக்கும் பேசாது" என்றார். கொத்தனார் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்தார்.

முப்பது வருடமாகத் தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் கட்டியவர் அவர். கை ஆடினால் குண்டு ஆடும் என்று சித்தாள்களைத் திட்டித் திட்டியே தொண்டை கட்டியவர். அதே குண்டு யோகி கையில் ஆடியபோது தெய்வம் ஆடுகிறது என்று கண்ணீர் விட்டார்.

"அப்பா, படுத்தா மூச்சு முட்டுது. இது கட்டியாக்கும், கதவு இல்ல, அவரு திறக்கதுக்கு" என்றாள் ஜிஜா.

"எதிர்த்துப் பேசாத மக்கா. இந்த ஞாயிற்றுக்கிழமை சக்கரம் இளகிரும்."

"செரி, வாறேன். அவரு உள்ளதச் சொன்னா ஆபரேஷன் வேண்டாம். சொல்லல்லைன்னா செவ்வாக்கிழமை நீங்களே என்னைக் கொண்டுபோவணும். சம்மதமா?"

கொத்தனார் சம்மதித்தார்.

ஞாயிறு மாலை யோகியின் கொட்டகை நிறையக் கூட்டம். ஜிஜாவை மறைப்புக்குப் பின்னால் கிடத்துவதற்கு அடுத்த வீட்டு ஓமனா உடன் போனாள். தலையில் ஒரு நீளமான சாக்கு மூட்டை. காணிக்கையாக இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் ஓமனா குரல் கொடுத்தாள்: "கிடத்தியாச்சு சாமீ!"

மறைப்பை விலக்கினார்கள். யோகி கண்ணை மூடி மந்திரம் சொல்லிக்கொண்டே வந்து, மூடிக் கிடந்த உருவத்தின் மேல் குண்டைப் பிடித்தார். கால்மாட்டில் குண்டு சுற்றியது.

"மூலாதாரம் நல்லா உண்டு." நெஞ்சுப் பக்கம் குண்டு தயங்கியது. "அனாகதம்... குட்டிக்க மனசுல ஒரு பையன் இருக்கான். அந்தச் சங்கடமாக்கும்." கொத்தனார் முகம் கறுத்தது. யோகி தலைப்பக்கம் போனார். "சகஸ்ராரம் ஜோரு! நல்ல புத்திக்காரி." பிறகு கழுத்துக்கு வந்தார். குண்டு நின்றது. "விசுத்தி. ஆனா பயப்படண்டா, போன வாரத்த விட நல்லா இளகியாச்சு!"

"யாருக்கு சாமீ இளகியாச்சு?"

மறைப்பின் பின்வழியாக நழுவி வந்து, கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து கேட்டது ஜிஜா.

கொத்தனார் மகளைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். ஒரே இழுப்பில் உருவினார். உள்ளே கறை வடிய ஒரு வாழைத்தடி. தலைக்கு ஒரு தேங்காய்.

"எலே, இது குலை வெட்டின தடில்லா!" என்று யாரோ கத்தினார்கள்.

யோகி அசரவில்லை. "வாழைக்கும் உயிரு உண்டு மக்களே. உயிரு உள்ள இடத்துல எல்லாம் சக்கரமும் உண்டு" என்றார். வெட்கக்கேடு, கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

"உயிரு உண்டு, செரி. தொண்டை எங்க சாமீ? அதுக்க மனசுல இருக்க பையன் யாரு, பக்கத்துல நின்ன பாளையங்கோடன் வாழையா?" என்றாள் ஜிஜா. "நல்ல புத்திக்காரின்னு சொன்னது அந்தத் தேங்காயத்தானே?"

தலையாட்டிய பாதியும் சிரித்துவிட்டது. சிரிப்பு ஓய்ந்தபோது யோகியைக் காணோம். களியக்காவிளை போகும் பஸ்ஸில் அவர் தொங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி.

கொத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. "வாழைத்தடிக்குச் சொல்லுத வைத்தியத்த நம்பி எனக்க பிள்ளையக் கொல்லப் பாத்தேனே" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதார். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் மகளோடு ஏறினார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தாள் சித்தி ரத்னபாய். கட்டிலில் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "மக்கா, அந்த வாழை எந்த விளையில நின்னது? யோகிக்கே பாடம் படிப்பிச்ச தடில்லா. அதுல ஏதோ சக்தி உண்டு. ஒரு மெழுகுவத்தி கொளுத்திட்டு வரலாம்னு பாத்தேன்."

ஒரு வாரம் பேசக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஜிஜா ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்தாள்:

"ஓமனாக்காவுக்க விளையில கிடக்கு. தாராளமாப் போங்க சித்தி. அதுக்கும் யோசிக்கத் தெரியாது."

சித்திக்கு மகா கோபம். வரட்டும். ரோஷம் வந்த இடத்தில் நாளைக்கு யோசனையும் வந்து தொலைக்கலாம்.