துரையின் நாயும் தேய்பிறை அஷ்டமியும்

எழுபத்தொரு ராத்தல் நாயை எழுபத்தொரு ராத்தலாகவே வைத்திருப்பது ஒரு சமஸ்தானத்தை ஆள்வதைவிடக் கடினம். (சமஸ்தானத்தை ஆண்டதில்லை. நாயை வைத்திருந்திருக்கிறேன்.)

வெள்ளைக்காரர் காலம். தென்காசியில் ஒரு காட்டிலாகா துரையிடம் நான் தற்காலிகக் குமாஸ்தா. எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டேன் என்பதால் அவருக்கு என்மேல் நம்பிக்கை. குற்றாலத்து மலைமேல் இரண்டு மாத முகாம் போகும்போது, சிறுத்தைக்குப் பயந்து, டியூக் என்ற லாப்ரடார் நாயை என்னிடம் விட்டார். கன்னங்கரேல் என்று, எண்ணெய் தேய்த்துக் குளித்தது போன்ற மினுமினுப்பு. அரிசி மண்டித் தராசில் அதை நிறுத்துக் காட்டிவிட்டு, "ஒரு வேளைச் சாப்பாடு. காலையில் நடை. நான் வரும்போது இதே எடை இருந்தால் உன் வேலை நிரந்தரம்" என்றார். அந்த நிரந்தரத்தை நம்பித்தான் என் மாமனார் கோமதியை எனக்குக் கொடுத்திருந்தார்.

முதல் நாள் நடையே தேய்பிறை அஷ்டமியில் அமைந்தது. பைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டுக் கோயிலிலிருந்து வெளியே வந்த ஒரு அம்மாள் எங்களைப் பார்த்து நின்று, கூட வந்தவளைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன பாரு! பைரவரு வாகனம்லா நேர்ல வந்து நிக்கி!"

"ஆச்சி, இது துரை வீட்டு நாய்."

"பைரவருக்குத் தொரை வீடு என்ன, நம்ம வீடு என்ன? நீரு சும்மா கயித்தப் பிடிச்சிக்கிடும்."

ஒரு வடையை நீட்டினாள். டியூக் பாயவில்லை. கொடுத்தவள் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, கண்ணை மூடி, வடையை வாங்கிக்கொண்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. (படித்தவன்தான். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டேன்.) அன்று மட்டும் முப்பத்தேழு வடை.

அஷ்டமி போனாலும் கூட்டம் போகவில்லை. நான் தெருவை மாற்றினேன்; பழைய தெருக்காரர்களும் புதுத் தெருவுக்கு வந்தார்கள். இளைக்கட்டுமே என்று பக்கத்துக் கிராமமான குத்துக்கல்வலசை வரை நடத்தினேன். வழிநெடுக வாசல்கள் திறந்தன. நடக்க நடக்க நாய் பெருத்தது. ஒரு நாள் வீட்டிலேயே கோமதி தயிர்சாதம் உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீயுமா?"

"ஒங்க வேலை நிரந்தரமாவணும்னு வேண்டிக்கிட்டுத்தான் போடுதேன்!"

துரை திரும்பினார். தராசு தொண்ணூற்று நான்கு காட்டியது.

"என்ன போட்டாய்?"

"ஒரு வேளைதான், துரை."

"பொய்!"

"நாளைக் காலையில் என்கூட வந்து பாருங்கள்."

வந்தார். கோயில் வாசலில் கற்பூரம் எரிந்தது. ஒருத்தி டியூக்கின் கழுத்தில் வடைமாலையே போட்டாள். துரை அதைத் தடுக்கக் குறுக்கே போனார்.

"தொரை, கொஞ்சம் தள்ளி நில்லும். சாமி சாப்பிடுதுல்லா!"

அந்த மனிதரை அதுவரை எவரும் தள்ளி நிற்கச் சொன்னதில்லை. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ கைகூப்பி நின்றவர்களையும் கண்மூடி மென்றுகொண்டிருந்த நாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தள்ளி நின்றார். மெதுவாகத் தொப்பியையும் கழற்றினார்.

"என்னாலேயே முடியவில்லை. நீ என்ன செய்வாய்?" என்று என்னை நிரந்தரமாக்கினார். ஆனால் ஒரு நிபந்தனை. ஊர் விழிக்குமுன் தினமும் டியூக்கைக் குற்றாலம் வரை நடத்திக் கூட்டிவர வேண்டும். டியூக் மறுபடி எழுபத்தொன்றுக்கு வருவதற்குள் நான் பதினெட்டு ராத்தல் இளைத்துவிட்டேன்.

இப்போது டாக்டர் எனக்கு ஒரு வடைதான் என்று சொல்லியிருக்கிறார். இரண்டாவதற்குக் கை நீண்டால் போதும், என் மருமகள் வீடு முழுக்கக் கேட்கும்படி, "எல்லாரும் தள்ளி நில்லுங்க, சாமி சாப்பிடுது!" என்கிறாள். கோமதி சிரித்துக்கொண்டே அதையும் வைக்கிறாள். நானும் அவள் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, கண்ணை மூடிக்கொள்கிறேன்.