புழுவுக்கு ஒரு துறை, கூட்டுக்கு ஒரு துறை

எங்கள் தெருவை 'வண்ணத்துப்பூச்சிகளை வரவேற்கும் தெரு' என்று நகரசபை அறிவித்துவிட்டது. வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தகவல் போனதா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வீடு பூச்செடி வைத்து மேற்படி பூச்சிகளைக் கவர வேண்டும், சிறப்பாகக் கவரும் தெருவுக்குப் பதக்கம் என்று முனையில் பலகை நட்டார்கள். செடி வைத்தால் வாசல் குப்பையாகும் என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்கார அம்மா, மறுநாளே வண்டி நிறையப் பூந்தொட்டி வாங்கி இறக்கினார். எதிர்வீட்டு வாத்தியார், பூச்சி தூரத்திலேயே பார்த்துவிடட்டும் என்று கதவுக்கு மஞ்சள் வண்ணம் அடித்தார். காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்டீங்களா?" என்று கேட்பது போய், "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார்கள். ஒன்றும் வரவில்லை.

கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் எங்களிடம் பூச்செடி இல்லை. உடைந்த வாளியில் ஒரு எலுமிச்சைச் செடி இருந்தது. அதற்குத்தான் புழு வந்தது. முதலில் காக்கை எச்சம் மாதிரி இருந்தது, தின்னத் தின்னப் பச்சையாகிக் கொழுத்தது. என் மகளுக்கு நாலு வயது. செடி முன்னால் குந்தியவள் எழுந்திருக்கவே மாட்டாள். "பார், அது எப்படி அடம் பிடிக்காம சாப்பிடுது!" என்று காட்டித்தான் அவளுக்கு ஊட்டினேன்.

ஒரு நாள் அதில் பெரியது ஒன்று செடியை விட்டு இறங்கிச் சுவரில் ஏறி, ஒரு நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு, கூடாகிவிட்டது.

"தூங்குதாம்மா?"

"ஆமாடி. எழுந்திருக்கும்போது றெக்கை முளைச்சிருக்கும்."

"நிஜமா?"

"நிஜமா."

சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது என்றாகிவிட்டது. பாத்திரம் விழுந்தால் ஓடிப்போய் சுவரிடம், "ஒண்ணுமில்ல, நீ தூங்கு" என்பாள்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துறை அதிகாரி ஆய்வுக்கு வந்து சேர்ந்தார்.

அதிகாரிகளைக் கண்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நல்ல வேளையாக என் நாத்தனாருக்கு அந்தக் குறை கிடையாது. நான் அவள் காதில் சொன்னால், அவள் ஊருக்கே சொல்வாள்.

"என்னம்மா இது, இலையெல்லாம் ஓட்டை?"

"புழு தின்னுது சார்" என்றாள் நாத்தனார்.

"புழுவா! வண்ணத்துப்பூச்சி வரப்போற தெருவுல புழுவா?"

"அந்தப் புழுதான் சார் வண்ணத்துப்பூச்சியா ஆகும்."

"ஆகட்டும்மா. ஆனதுக்கப்புறம் எங்கிட்ட வரட்டும். எங்க துறை றெக்கை உள்ளதுக்கு மட்டும்தான். ஊர்ந்து போறதெல்லாம் பூச்சி ஒழிப்புத் துறை."

உரிய நடவடிக்கைக்காக உரிய துறைக்கு உரிய முறையில் தெரிவித்தார். மத்தியானமே பூச்சி ஒழிப்பு அதிகாரி மருந்துக் குழாயோடு வந்தார். வேறு எதற்கு எழுதினாலும் இத்தனை வேகத்தை நான் பார்த்ததில்லை. செடியில் மீதியிருந்த புழுக்கள் எல்லாம் உதிர்ந்தன. மகளை உள்ளே இழுத்து அவள் கண்ணைப் பொத்தினேன். பிறகு குழாய் சுவர்ப்பக்கம் திரும்பியது.

"இது ஊருதா?"

"இல்ல சார்" என்றாள் நாத்தனார்.

"பறக்குதா?"

"இல்ல."

அவர் குழாயை இறக்கினார். "ஊரலைன்னா நான் மருந்து அடிக்க முடியாது. பறக்கலைன்னா தோட்டத்துறை வராது. சுவத்தோட ஒட்டிக்கிட்டு அசையாம நிக்குது. அசையாச் சொத்து! கட்டடப் பிரிவுக்குத்தான் எழுதணும்."

கட்டடப் பிரிவு அதிகாரி அளவு நாடாவோடு வந்தார். நிலக்கடலை அளவுக் கூட்டை நீளம், அகலம், உயரம் அளந்தார்.

"அனுமதி வாங்கிக் கட்டினதா?"

"இல்ல சார்."

"ஜன்னல் இல்ல. காத்தோட்டம் இல்ல. மொத்தப் பாரமும் ஒரே நூல்ல நிக்குது. இடிஞ்சு விழுந்தா யார் பொறுப்பு? கட்டினவர் யாரு?"

"உள்ள இருக்கிறதேதான் சார் கட்டிச்சு."

"கூப்பிடுங்க அவரை."

"தூங்குது சார்."

"பட்டப்பகல்லயா?"

"ஏன் சார், உங்க ஆபீஸ்ல யாரும் பட்டப்பகல்ல தூங்கினதே இல்லையா?"

அதிகாரி இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் உதவியாளரைப் பார்த்துத் தலையசைத்தார். உதவியாளர் சுத்தியலை எடுத்தார். என் மகள் ஓடிவந்து சுவருக்கு முன்னால் கையை விரித்து நின்று, "சத்தம் போடாதீங்க, முழிச்சிக்கும்" என்றாள், மெதுவாக. நாத்தனார் காதில் என்னமோ உளறினேன்.

"நோட்டீஸ் குடுக்காம இடிக்கலாமா சார்?" என்றாள் அவள்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. பொதுமக்கள் தாமாகவே முன்வந்து நோட்டீஸ் கேட்டது அவர் வேலைக்கு வந்ததிலிருந்து இதுதான் முதல் தடவையாம். ஒரு வாரத்துக்குள் காலி செய்யாவிட்டால் இடிக்கப்படும் என்று எழுதி, கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். காகிதத்தின் ஒரு ஓரம் சரியாக ஒட்டாமல் வளைந்து, கூட்டுக்கு நிழலாக நின்றது. அரசாங்கத்தால் அதற்குக் கிடைத்த உதவி அது ஒன்றுதான்.

அந்த வாரம் முழுக்க நான் தலை நிமிரவில்லை. "உங்களால தெருவுக்கே கெட்ட பேரும்மா" என்றார் வீட்டுக்கார அம்மா. "வண்ணத்துப்பூச்சி மேல ஆசை இருக்கிறவங்க வீட்டுல புழுவை விடுவாங்களா?" என்று வாத்தியார் மனைவி நியாயம் கேட்டார். மகளோ சாப்பிடும் தட்டையே சுவரடிக்குக் கொண்டுபோய்விட்டாள். இடித்துவிட்டால் இவளிடம் என்ன சொல்வேன் என்று எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

கெடு முடியும் காலையில் சுத்தியல் வந்தது. அதே நேரம் கூடும் வெடித்தது. ஈரத்தில் கசங்கிய துணி மாதிரி ஒன்று வெளியே வந்து தொங்கியது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"காலி பண்றாரு. இன்னும் நேரம் இருக்கு, பண்ணட்டும்."

றெக்கை விரிந்து காயும்வரை மகள் மூச்சுகூட விட்ட மாதிரி தெரியவில்லை. அது எழும்பியது. எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றி, மதிலைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. "ஆக்கிரமிப்பாளர் தாமாகவே வெளியேறினார்" என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

அடுத்த தெருவில் மண் கிடையாது. பிளாஸ்டிக் புல் விரித்து, துணிப்பூ குத்தியிருந்தார்கள். அன்று தோட்டத்துறை ஆய்வு அங்கேதான். பாவம், பிறந்த அன்றே ஏமாந்து, ஒரு துணிப்பூவில் அது உட்கார்ந்தது. படம் எடுத்துவிட்டார்கள். பதக்கம் அடுத்த தெருவுக்கு.

விழாவுக்கு எங்கள் தெருவும் போனது. புழுவை ஒழித்ததற்காகப் பூச்சி ஒழிப்புத் துறைக்கு ஒரு பதக்கம், சுவரை மீட்டதற்காகக் கட்டடப் பிரிவுக்கு ஒரு பதக்கம். பிறகு தோட்டத்துறை அதிகாரி அடுத்த தெருத் தலைவரை மேடைக்கு அழைத்துப் பேசினார்:

"இவர்கள் தெருவில் ஒரு இலையில் ஓட்டை உண்டா? ஒரு புழு உண்டா? புழுவுக்கு இடம் கொடுக்காதவர்களைத் தேடித்தான் வண்ணத்துப்பூச்சி வரும்!"

கைதட்டல் அடங்கவில்லை. வீட்டுக்கார அம்மா, துணிப்பூ எந்தக் கடையில் கிடைக்கும் என்று பக்கத்து நாற்காலியில் விசாரித்தார். மேடையில் திரையை விலக்கினார்கள். ஆள் உயரத்துக்கு அந்தப் படம். மண்டபமே "ஆகா!" என்றது.

மகள் அதைப் பார்த்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"அம்மா! நம்ம புழு!"

"புழுவா? எங்க?"

"நாற்காலிக்கு அடியில பாருங்க!"

"ஐயோ, கால்ல ஏதோ ஊருது!"

தெருத் தலைவர் பதக்கத்தைப் போட்டுவிட்டு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டார். தோட்டத்துறை மேசைமேல் ஏறிவிட்டது. வண்ணத்துப்பூச்சியை வரவேற்க வந்த அத்தனை பேரும் நாற்காலிமேல் நின்றார்கள். என் மகள் மட்டும் கீழே இறங்கி, எங்கே, எங்கே என்று ஆசை ஆசையாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவளைத் தூக்கிக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நான் இறங்க வேண்டுமே. முதல் சத்தத்திலேயே நானும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டிருந்தேன்.