தீர்மானக்கா அளந்த தெரு

கோயமுத்தூர் ஜில்லாவில் உள்ள அத்தனை பஞ்சாயத்துகளும் மாநகராட்சி மன்றமும் சேர்ந்து நிறைவேற்றிய தீர்மானங்களைவிட அதிகமாக, ஒற்றை ஆளாக நிறைவேற்றியவர் எங்கள் தீர்மானக்காதான். மிகை என்று நினைக்காதீர்கள். சர்க்கரை டப்பாவில் எறும்பு வந்ததற்கே அவர் இரண்டு தீர்மானம் போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலாவது, டப்பாவை இடம் மாற்றுவது. இரண்டாவது, எறும்புகளுக்குக் கண்டனம்.

தொண்ணூறுகளின் நடுவில் தாராபுரத்திலிருந்து வந்து, பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அக்காவின் தையல் கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தேன். கடைக்குப் பின்னால் அவர் வீடு. நாலு கட்டடம் தள்ளி ஓர் உயர்நிலைப் பள்ளி.

அக்கா அதற்கு முன் மில்லில் நூல் சுற்றும் பகுதியில் இருந்தவர். தொழிற்சங்கத்தில் பெண்கள் கிளைக்குச் செயலாளர். மில்லை மூடிவிட்டார்கள். சங்கம் கலைந்தது. அக்காவின் பழக்கம் மட்டும் கலையவில்லை. யாராவது முன்மொழிய வேண்டும், யாராவது வழிமொழிய வேண்டும், நோட்டில் ஏற வேண்டும். அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் அரிசி உலையில் விழும்.

வழிமொழிவதற்கென்றே மாமா இருந்தார். அக்காவின் கணவர். அதே மில்லில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கடையில் காஜா எடுத்து பட்டன் கட்டிக்கொண்டிருந்தார். "வழிமொழியறேன்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதையும் அவர் வாயிலிருந்து நான் கேட்டது அபூர்வம். ஒருநாள் அக்கா, "சாயங்காலத்துக்கு உப்புமா, முன்மொழியறேன்" என்றார். மாமா வெகுநேரம் யோசித்து, "ஒரு திருத்தமுங்க... சட்டினியோட" என்றார். அக்கா அசந்துபோய் என்னைப் பார்த்து, "திருத்தம் ஏத்துக்கப்பட்டதுன்னு எழுதிக்குங்க தம்பி" என்றார்.

ஆமாம், எழுதுவது நான். குடிவந்த அன்றே, "உங்க கையெழுத்து எப்படிங்க தம்பி?" என்று கேட்டார். வேலைக்கு மனுப் போட்டபோதுகூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெருமையாக எழுதிக் காட்டினேன். நோட்டு என் தலையில் விழுந்தது.

இனி நான் சொல்லப்போவதில் ஒரு பையன் வருகிறான். ஏழாம் வகுப்பு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று தீர்மானம் இருக்கிறது. அதை யாரும் இன்னும் ரத்து செய்யவில்லை.

அந்தப் பையன் சட்டைப் பையைத் தைக்கக் கொண்டுவந்தான். பத்து நாள் கழித்து இன்னொரு சட்டை. அடுத்த வாரம் மறுபடி முதல் சட்டை. மூன்றாம் முறை அக்கா துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்படிக் கண்ணு கிழிஞ்சுது?"

"கம்பில மாட்டிக்கிச்சுங்க."

"செரி. கம்பிகிட்டச் சூதானமா இரு" என்று தைத்துக் கொடுத்தார். அவன் போன பிறகு, "கம்பி இழுத்தா ஒரு பக்கமாக் கிழியும் தம்பி. இது மேல இருந்து கீழ, தையலோட பிச்சுட்டு வந்திருக்குது. இது கையி" என்றார்.

நான் பேசாமல் இருந்தேன். காரணம் இருக்கிறது. எனக்குக் காலை ஷிப்டு. மூன்றரைக்கு அறைக்கு வந்து, ஒரு டீயை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவேன். நாலு மணிக்குப் பள்ளி விடும். அந்தப் பையனின் புத்தகப் பையைப் பிடுங்கி, பஸ் நிறுத்தத்தின் கூரைமேல் வீசிவிட்டு, நாலைந்து பேர் சிரிப்பார்கள். அவன் எட்டாத கூரையை நோக்கிக் குதித்துக்கொண்டே இருப்பான். எல்லாரிலும் உயரமான ஒருவன், ஒன்பதாம் வகுப்பு, கடைசியில் ஒற்றைக் கையால் பையை எடுத்துச் சாக்கடை ஓரம் போடுவான். அவனைக் குமரேசன் என்று வைத்துக்கொள்வோம். இதை வாரத்தில் இரண்டு மூன்று நாள் பார்த்தேன். மாதக்கணக்காகப் பார்த்தேன். ஒருநாள் பையன் குதித்த குதியில் நானும் சிரித்துவிட்டேன்.

பிறகொரு நாள், நூல் வாங்கப் போன அக்கா, பீளமேடு ரயில் நிலையத்தில் அவனைப் பார்த்திருக்கிறார். காலை பதினோரு மணி. பள்ளிச் சீருடையில், பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தானாம். அக்கா எதுவும் கேட்காமல், கால் வலிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்தார். பாதிச் சோறு தீர்ந்ததும் அவனாகவே சொன்னான்.

"மார்க்கு போச்சுன்னு அப்பா என்னைய லேத்துப் பட்டறைல சேத்துடறாராமுங்க. பரவால்லீங்கக்கா. அங்க இவனுக வர மாட்டானுக."

பன்னிரண்டு வயது. பட்டறைக்குப் போவதை விடுதலை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அக்கா நேராகத் தலைமையாசிரியரிடம் போனார். அவர் நல்ல மனிதர், எழுந்து நின்று பேசினார். "நீங்க சொல்றது செரிதானுங்கம்மா. ஆனா கேட்டுக்கு அக்கட்டால நடக்கறதுக்கு நாங்க என்னங்க பண்றது?" அடுத்து எங்கள் தெரு பேக்கரிக்காரரிடம் போனார். "பள்ளிக்கூடத்துப் பசங்க விவகாரமுங்க. வாத்தியார்தான் பாக்கோணும்."

சாயங்காலம் கடைக்குத் திரும்பியவர் டேப்பை எடுத்தார். தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அந்த ஐந்தடி டேப். மாமா ஒரு முனை, அக்கா ஒரு முனை. பள்ளி கேட்டில் ஆரம்பித்து, டேப் டேப்பாக வைத்து, பஸ் நிறுத்தம் வரை தெருவை அளந்தார்கள். மாமாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு டேப்புக்கும் குனிந்து நிமிர்ந்தார். பார்த்தவர்கள் ரோடு அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பயந்தார்கள். ஒருவர் தன் கடை வாசற்படியை அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டார்.

"நூத்தி நாப்பத்திரெண்டு டேப்பு" என்று அக்கா அறிவித்தார். "எழுதிக்குங்க தம்பி. இத்தன தூரம் எவருக்கும் சொந்தமில்லாமக் கெடக்குது. பசங்க அழுகறதெல்லாம் இதுக்குள்ளதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை கடை வாசலில் கூட்டம். கார்ப்பரேஷன் குழாய் விஷயமாக இருக்கும் என்று நம்பிப் பதினைந்து பேர் வந்தார்கள். சிலர் குடத்தோடு வந்திருந்தார்கள். அக்கா எழுந்தார்.

"எந்தப் பையன் பேரையும் இங்க எவரும் சொல்லப்படாது. அடிக்கறவன் பேரும் வேண்டாம், அடி வாங்கறவன் பேரும் வேண்டாம். நாம பேசப்போறது நம்மளப் பத்தி. பள்ளிக்கூடம் உட்டு வர்ற பசங்களுக்கு நடக்கறத, பாத்தவங்க கை தூக்குங்க."

குடங்கள்கூட அசையவில்லை.

அக்கா தன் கையைத் தூக்கினார். "நான் மூணு தடவ தெச்சுக் குடுத்தேன். மூணு தடவயும் தெரிஞ்சுதான் குடுத்தேன்."

பேக்கரிக்காரரின் கை மெதுவாக ஏறியது. "வெளையாட்டுன்னு நெனச்சுட்டனுங்க" என்றார். பிறகு தானே, "இல்லீங்க, அப்படி நெனச்சா நமக்குச் சுளுவுங்க" என்றார். பூக்கடை அம்மணி தூக்கினார். மாமா தூக்கினார். நான் தலையைக் குனிந்து மிக வேகமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

"எழுதறவருக்கும் கையி இருக்குதில்லைங்க தம்பி?"

பேனாவோடு தூக்கினேன். "ஜன்னல்ல இருந்து பாத்தேன். ஒருநாள் சிரிச்சேன்" என்றேன். அக்கா திட்டவில்லை. "அதயும் எழுதிக்குங்க" என்றார். என் பெயரை என் கையாலேயே எழுதினேன். அன்று என் கையெழுத்து அழகாக இல்லை.

தீர்மானம் சின்னதுதான். நாலு மணியிலிருந்து கடைசிப் பையன் பஸ் ஏறும்வரை, முறை வைத்து ஆறு பேர் தெருவில் நிற்பது. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, விசாரணை கூடாது. பசங்களின் பெயரைக் கற்றுக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவ்வளவே. மாமா வழிமொழிந்தார்.

அடுத்த பத்து நாள் எங்கள் தெரு பட்ட பாடு இருக்கிறதே! பேக்கரிக்காரருக்கு முகம் நினைவிருக்கும், பெயர் தங்காது. எல்லாரையும் செந்தில் என்று கூப்பிட்டார். அந்தப் பள்ளியில் செந்தில்கள் ஏராளம் என்பதால் பாதி நேரம் சரியாகவே இருந்தது. கூரைமேல் பையை வீசக் கை ஓங்கும்போது, "குமரேசா, நல்லாருக்கியா கண்ணு?" என்று பூக்கடையிலிருந்து ஒரு குரல். "குமரேசு, பரீட்சை எப்ப வருது?" என்று சைக்கிள் கடையிலிருந்து ஒன்று. ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் தலையைச் சொறிந்துகொண்டான். நான்கூடப் படியிறங்கி வந்து நின்றேன். அறைக்கும் தெருவுக்கும் பதினேழு படிதான். அத்தனை நாள் அது எனக்குத் தெரியாது.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று நாங்கள் மெத்தனமாக இருந்தபோது, குமரேசனின் தாய்மாமன் கடைக்கு வந்தார். அவர் வீட்டில்தான் ஆனைமலையிலிருந்து வந்து அவன் தங்கிப் படித்தான்.

"ஏனுங்க, என்ற மருமகன் மானத்த வாங்கறதுக்குத்தான் சங்கம் வெச்சிருக்கீங்களா?"

அக்கா முக்காலியை நகர்த்திப்போட்டு, "உக்காருங்க. உங்க ஆட்சேபணையப் பதிவு பண்ணிக்கறோம்" என்றார். நான் நோட்டை எடுத்தேன். மனிதர் திகைத்து உட்கார்ந்துவிட்டார். பேக்கரிக்காரர் நல்லெண்ணத்தில் விஷயத்தை அவர் காதில் போட்டிருக்கிறார்.

"நீங்க இத்தனக்கு மெனக்கெட வேண்டாமுங்க. நேத்தே பெல்ட்டக் கழட்டீட்டேன். நாலு நாளைக்கு முதுகு நிமுராது. இனி எவன் மேலயும் கைய வெக்க மாட்டான்."

எதற்கும் வார்த்தை வைத்திருக்கும் அக்கா, முன்மொழிய ஒன்றுமில்லாமல் நின்றார்.

பட்டன் கட்டிக்கொண்டிருந்த மாமா ஊசியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க... எங்கப்பனும் அப்படித்தானுங்க அடிச்சாரு. வாயத் தொறந்தா அடி. பயத்துல வாய மூடுனவன், அம்பது வயசாச்சு, இன்னும் செரியா பேசப் பழகல. அந்தப் பையனுக்கும் அப்படி ஆயிரப்படாதுங்க."

மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அக்காவும் அதை அன்றுதான் கேட்டிருக்கிறார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தாய்மாமன் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்சேபணையில் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார்.

மறுநாள் நாலு மணிக்கு, அக்கா குமரேசனைத் தெருவில் நிறுத்தினார். அவன் முதுகைக் கூனிக்கொண்டு நின்றான்.

"கண்ணு, எங்க மேல தப்பு. உன்னைய அடி வாங்க வெக்கறதுக்கு நாங்க இத ஆரம்பிக்கல. மன்னிச்சுக்கோ."

ஒரு பெரியவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்பதை அவன் அதற்கு முன் கண்டதில்லை போலும். முதலில் சிரித்தான். பிறகு பஸ் வருகிறதா என்று பார்ப்பவன்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பஸ் வர இன்னும் நேரமிருந்தது. வெகுநேரம் திரும்பியே நின்றான்.

அன்றே அவன் உத்தமனாகிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் ஆகவில்லை. இரண்டொரு முறை வழுக்கினான். ஆனால் கூரைமேல் பை ஏறுவது நின்றது. தாய்மாமன் ஒருநாள் சைக்கிளில் வந்து, எதுவும் பேசாமல் நிற்பவர்களோடு ஓரமாக நின்றுவிட்டுப் போனார். ஏழாம் வகுப்புப் பையனின் அப்பாவிடம் அக்காவும் மாமாவும் மூன்று முறை நடந்தார்கள். பட்டறை தள்ளிப்போய், அப்படியே மறந்துபோனது. பையன் ரயில் நிலையத்துக்குப் போவதை விட்டான். அவனும் குமரேசனும் சிநேகிதர்கள் ஆகவில்லை. ஒரே பஸ்ஸில் போனார்கள், அது போதுமாக இருந்தது. அரைப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், தலைமையாசிரியர் கேட்டுக்கு வெளியே இரண்டடி வந்து நின்று எட்டிப்பார்த்தார். அக்கா விடவில்லை. "வெசாளக்கிழமை உங்க முறைங்க சார்" என்று பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்துக் கம்பெனி என்னை ஈரோட்டுக் கிளைக்கு மாற்றியது. அக்கா உடனே கூட்டம் போட்டார். எழுத நான் மறுத்ததால், முதல்முறையாக அவரே எழுதினார். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "யாருப்பா இது? கம்பெனியக் கண்டிச்சுத் தீர்மானம் அனுப்பியிருக்காங்க!"

கோணல் கோணலான எழுத்து. "இந்தத் தம்பி காப்பிக்குச் சக்கரை அதிகம் கேட்பார். படியில் செருப்புச் சத்தம் போடுவார். ஆனாலும் நாலு மணிக்கு ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. எங்க ஆளு. அவரை எங்களைக் கேட்காமல் மாற்றியது தப்பு."

மேனேஜர் சிரித்துக்கொண்டே அதைக் குப்பைக் கூடையில் போடப் போனார். கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்புறம் நாலு ஊர், ஏழு வீடு மாறிவிட்டேன். நன்னடத்தைச் சான்றிதழ்கள் எத்தனையோ வந்தன, தொலைந்தன. "எங்க ஆளு" என்று என்னை எழுத்தில் சொன்னவர் தீர்மானக்கா ஒருவர்தான்.