டச்சப் அழித்த மச்சம்

பகல் பதினொன்று நாற்பதுக்கு, வடமதுரையில் ஒரு நுழைவுத் தேர்வு மையத்தின் வாசலில், என் மகள் என் மகள்தானா என்ற சந்தேகம் முதன்முதலாக எழுந்தது. பெற்ற எனக்கே அரை நிமிடம் குழப்பமாகிவிட்டது. இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

காரணம், எங்கள் தெருமுனையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் டச்சப். கடவுள் படைத்த முகம் ஒன்றைக்கூட அப்படியே விட்டுவைக்காத ஒரே மனிதர், திண்டுக்கல்லில் அவர்தான். பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். யாரும் கேட்டதில்லை.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு உட்கார்ந்தால் தழும்பை எடுப்பார், கருவளையத்தை எடுப்பார், தொங்கும் தாடையை இழுத்துக் கட்டுவார். என் கொழுந்தனாருக்குப் பெண் தேடியபோது, டச்சப் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு ஒட்டன்சத்திரத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். வாசலில் நின்று வரவேற்ற கொழுந்தனாரிடமே, "ஏனுங்க, மாப்பிள்ளை எப்ப வருவாருங்க?" என்று கேட்டார்கள். பக்கத்து ஊரான அகரத்தில் எண்பது வயதில் ஒருவர் காலமானார். அஞ்சலி பேனரில் டச்சப் அவருடைய சுருக்கங்களையெல்லாம் நீக்கிவிட்டார். துக்கத்துக்கு வந்த ஓர் அம்மா, போனது மகன் என்று நினைத்து அலறிக்கொண்டே உள்ளே ஓடி, எதிரே காபி டம்ளரோடு வந்த மகனைப் பார்த்து மயங்கி விழுந்தார்.

"ஏம்ப்பா இப்படிப் பண்றே?" என்று கேட்டால், "இருக்குறத அப்படியே எடுக்க செல்போன் போதும்க்கா. அப்புறம் நான் எதுக்கு?" என்பார்.

சில மாதங்களுக்கு முன் அவர் கையில் பிம்பிள் பேட்ச் கிடைத்தது. சட்டைப் பட்டனைவிடச் சிறிய, கண்ணாடி போன்ற வட்ட ஸ்டிக்கர். முதலில் பார்த்தபோது, நிறமே இல்லாத பொட்டை யார் வாங்குவார்கள் என்று நினைத்தேன். பருவின் மேல் ஒட்டித் தூங்கினால் உள்ளே இருப்பதை உறிஞ்சிக்கொண்டு காலையில் வெள்ளையாக உப்பிவிடுமாம். எப்படி என்று கேட்டேன். டச்சப் விளக்கினார். கேட்பதற்கு முன் எனக்குக் கொஞ்சம் புரிந்திருந்தது.

அன்று முதல் ஸ்டுடியோவில் யார் உட்கார்ந்தாலும் முதலில் பேட்ச், பிறகுதான் போட்டோ. கொசு கடித்த இடத்தில் ஒட்டினார். ஷேவிங் வெட்டில் ஒட்டினார். காய்கறி லாரி ஓட்டும் ஒருவரின் மருவில் ஒட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். மரு அப்படியே வந்தது.

தேர்வு விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க என் மகளை அவரிடம்தான் கூட்டிப்போனேன். பதினேழு வயது. ஒரு வருடமாகக் கன்னமெல்லாம் பரு. டச்சப் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வந்து, இடது கன்னத்தின் மச்சத்திலும் ஒன்றை ஒட்டினார்.

"அண்ணே, அது மச்சம்ணே."

"எல்லாப் பருவும் மொதல்ல அப்படித்தான் சொல்லும், பாப்பா."

அவர் சொன்ன தொனியில், பிறந்ததிலிருந்து பார்த்துவரும் மச்சத்தை நானே குனிந்து உற்றுப் பார்த்தேன். அதற்குள் மிளகாய்த்தூள் அரைக்கக் கொடுத்திருந்த மில்லிலிருந்து போன் வர, போய்விட்டேன். திரும்பி வந்தபோது போட்டோ தயார். பருக்களைக் கம்ப்யூட்டரில் துடைத்தபோது மச்சத்தையும் சேர்த்தே துடைத்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை. பரு இல்லாத சந்தோஷத்தில் அப்படியே விண்ணப்பத்தில் ஏற்றிவிட்டேன்.

தேர்வன்று, பயத்தில் கை முகத்துக்குப் போகாமலிருக்க மூன்று பேட்ச் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். சோதனை செய்யும் மேடம் நிறுத்தினார்.

"கன்னத்துல என்ன பாப்பா?"

"பிம்பிள் பேட்ச் மேடம்."

"உள்ள ஏதும் வச்சிருக்கியா?"

"பருதான் மேடம் வச்சிருக்கேன்."

உரிக்கச் சொன்னார். உரித்தாள். ஹால் டிக்கெட்டில் இருந்த போட்டோவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "இந்தப் போட்டோல மச்சமே இல்லையே?"

ஆதாரைக் காட்டினோம். அதில் மச்சம் மட்டுமல்ல, மூக்கும் தெரியவில்லை. என் செல்போனில் தேடினேன். ஒரு வருடமாக எடுத்த எல்லாப் படங்களிலும் அவள் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். அது அன்றுதான் என் கண்ணில் பட்டது.

"மச்சம் இருந்தாலும் என் பொண்ணுதான், இல்லன்னாலும் என் பொண்ணுதான் மேடம்!"

"அம்மா, செத்த நேரம் சும்மா இரும்மா" என்றாள் மகள்.

"ஒண்ணரைக்கு கேட்டை மூடிருவோம். அதுக்குள்ள மச்சம் தெரியிற மாதிரி ஒரு போட்டோ கொண்டாங்க. இல்லன்னா உள்ள விட முடியாது" என்றார் மேடம்.

டச்சப்புக்குப் போன் போட்டேன். "ஏம்ப்பா, மச்சம் எங்க?"

"எந்த மச்சம்க்கா?"

"என் பொண்ணு மச்சம்!"

போனில் மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது. "அது நெசமாவே மச்சமாக்கா? கேட்டுலயே நில்லுங்க, வாரேன்."

பன்னிரண்டரை ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. மற்ற பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். இரண்டு வருடப் படிப்பு, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றது. அப்புறம் போன் போட்டால் டச்சப் எடுக்கவேயில்லை.

ஒன்று பன்னிரண்டுக்கு மொபெட்டில் வந்து இறங்கினார் டச்சப். தலையெல்லாம் புழுதி, மூக்கில் ஒரு பேட்ச். கவரிலிருந்து எடுத்து நீட்டியது, அன்று பேட்ச்களை உரித்ததும் எடுத்த போட்டோ. கை வைக்காதது. பருக்கள் அத்தனையும் இருந்தன. மச்சம் இருந்தது. அவள் கண்ணில் கொஞ்சம் ஈரமும் இருந்தது.

மேடம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, "ஓடு பாப்பா" என்றார். ஓடினாள்.

கேட் மூடியதும் வாயில் வந்ததையெல்லாம் டச்சப்பைத் திட்டினேன். அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நீங்க மில்லுக்குப் போனப்ப, பாப்பா கண்ணாடியப் பாக்க மாட்டேன்னு அழுதுச்சுக்கா. கம்ப்யூட்டர்ல ஒண்ணொண்ணா அழிச்சுக் காட்டினேன். ஒவ்வொண்ணுக்கும் இம்புட்டு சிரிச்சுச்சு. அதப் பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா, கை நிக்கல."